மஅபர்க் கரையில் மறைந்த இருப்புப்பாதை

நாஞ்சில் நாட்டாராகிய நமக்குப் புகைவண்டி மிகப் பிந்தி வந்த விருந்தாளியாகும். 1979-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலும், 1981-ஆம் ஆண்டில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரையிலும் இருப்புப்பாதை திறக்கப்படும் வரை நம் மாவட்டத்து மண்ணில் தண்டவாளமே கிடையாது. ஆயினும் நம் வீடுகளில் புகைவண்டியைப் பற்றிய பேச்சு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தது. இதற்குக் காரணம் கொழும்பு வாணிகம். இடலாக்குடி, திட்டுவிளை, தக்கலை, தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கச் சென்றோர், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலியை அடைந்து, அங்கே வண்டி ஏறி, மதுரை, மானாமதுரை வழியே பாம்பன் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறுவர். ஆதலால், தம் ஊரில் ஒரு புகைவண்டியைக்கூடக் கண்டிராத நம் மூதாட்டியர், தனுஷ்கோடி என்னும் நிலையத்தின் பெயரை மட்டும் நன்கு அறிந்திருந்தனர்.

அந்தத் தனுஷ்கோடிப் பாதை இன்று இல்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயலில் கடல் அதை எடுத்துக்கொண்டது. எஞ்சிய மேடுகளின்மீது நாம் இருமுறை நடந்திருக்கிறோம். முதல் நடை 1996-ஆம் ஆண்டில். இரண்டாம் நடை சென்ற மார்கழியில். அவ்விரு நடைகளிலும் கண்டவற்றையும், அப்பாதையின் வரலாற்றையும், நம்மிடமிருந்த ஒரு பிழையான எண்ணம் திருந்தியதையும் இங்கே எழுத விழைகிறோம்.

கடக்குமிடம்

அரபு நாட்டு மாலுமிகளும் நூலாசிரியர்களும் தமிழகத்தின் கீழைக் கரையை ‘மஅபர்’ என்று அழைத்தனர். அபர என்றால் கடந்தான். மஅபர் என்றால் கடக்குமிடம். இங்கிருந்து ஈழத்துக்குக் கடக்கலாம் என்பதால் இப்பெயர் வந்ததென்பர். உலகப் பயணியான இப்னு பதூதா 1344-ஆம் ஆண்டில் சரந்தீபின் பாவா ஆதம் மலையில் ஏறித் தரிசித்தபின் அங்கிருந்து கப்பலேறி இக்கரைக்கு வந்தார். வழியில் புயலில் சிக்கிக் கப்பல் சிதைந்தது. தோழர்களைக் கரைக்கு அனுப்பிவிட்டு, உடைந்த கலத்திலேயே இரவைக் கழித்து, விடிந்தபின் மீட்கப்பட்டார். ஆக, இந்நீரிணை அன்றும் கடப்பதற்கு எளிதாகத் தோன்றி, கடக்கையில் அரிதாக இருந்த ஒன்றேயாகும்.

அதன்பின் நூற்றாண்டுகள் பலவாகப் பாய்மரத் தோணிகளே இரு கரைகளையும் இணைத்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இலங்கைக்குச் சென்று பள்ளிவாசல்களுக்கும் கல்விக்கும் வித்திட்டதும் அத்தகைய பயணங்களினால்தான். 1876-இல் தூத்துக்குடிக்குப் புகைவண்டி வந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை வண்டியும், அங்கிருந்து கொழும்பு வரை நீராவிக் கப்பலுமாகப் பயணம் அமைந்தது. ‘போட் மெயில்’ என்ற பெயர் அப்போதே ஏற்பட்டதாகும்.

கடற்பயணத்தைச் சுருக்க வேண்டுமென்ற எண்ணத்தினால் பாம்பன் பாலம் எழுந்தது. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்ட அப்பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுடையது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரு கதவுகளைப் போல மேலெழுந்து வழிவிடும். பாலம் திறந்ததும் போட் மெயில் தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. தனுஷ்கோடியிலிருந்து மன்னார்த் தீவின் தலைமன்னார்வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மட்டுமே கப்பற்பயணம். அங்கே மற்றொரு வண்டி கொழும்பு செல்லக் காத்திருக்கும். சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கிக் கொழும்பில் இறங்கலாம். இர்வின், கோஷன் என்னும் கப்பல்களின் பெயர்கள் நம் முதியோரின் வாயில் உள்ளூர்ப் பேருந்துகளின் பெயர்களைப் போலப் புழங்கின.

இப்பாதையில் சென்றவர்கள் வாணிகர் மட்டுமல்லர். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற ஏழை மக்களும் இவ்வழியே சென்றனர். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக அடைத்துவைக்கப்பட்ட பின்னரே அவர்கள் கடக்க விடப்பட்டனர். வாணிகன் மிட்டாய்ப் பொட்டலத்தோடு திரும்பிய அதே தண்டவாளத்தில், தோட்டத் தொழிலாளி திரும்பி வராமலே போனான் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இப்பாதையோடு ஒரு சிறுவனின் நினைவும் கலந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள்க் கட்டுகள் இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே வீசப்பட்டன. அவற்றைப் பொறுக்கித் தம் உறவினர் சம்சுத்தீனுக்கு உதவி, முதல் ஊதியத்தைப் பெற்ற அச்சிறுவர்தாம் பின்னாளில் பாரதத்தின் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். அன்னாரின் தந்தையார் ஜைனுலாப்தீன் மரைக்காயர் இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். ஒரு மதத்தாரின் யாத்திரைக்கு மற்றொரு மதத்தார் துடுப்புப் போட்ட கரை அது.

அந்த ஓர் இரவு

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவு. ஹிஜ்ரி 1384 ஷஃபான் மாதத்தின் நடுப்பகுதி கழிந்திருந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் பயணிகள் வண்டியொன்று புறப்பட்டது. நிலையத்தை நெருங்குகையில், பேரலையொன்று வண்டி முழுவதையும் வாரிச் சென்றது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். ஊரும் அழிந்தது. நிலையம், தபால் நிலையம், தேவாலயம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், குடியிருப்புகள் யாவும் ஒரே இரவில் பாழாயின. பாம்பன் பாலத்தின் தூலங்களில் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டது. இரு கரைகளிலும் மாண்டோர் ஆயிரத்துக்கும் மிகுதி. அதன்பின் தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது.

பாலத்தை மட்டும் மீட்டனர். ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாள்களில் அது செப்பனிடப்பட்டு வண்டி மீண்டும் ஓடியது. ஆனால் இராமேசுவரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடிப் பாதை மறுபடி இடப்படவில்லை.

நம் பாட்டனார் அப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கராக இருந்தார். அரபுத் தமிழில் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். ரமளானுக்கு முன் ஊர் வந்துவிடுவதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார், நாளைக் குறிக்கவில்லை. செய்தித்தாளில் புயற்செய்தி வந்த நாள் முதல் எட்டு நாள்கள் வீட்டில் உலை கொதித்ததே தவிர ஒருவரும் வயிறார உண்ணவில்லை என்று நம் வாப்பா சொல்வார்கள். ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. ஆண்டுக் கணக்கு முடியாததால் பாட்டனார் புறப்படவே இல்லை. தந்தியைப் படித்த உடனே, பாட்டியார் செய்த முதற்காரியம் யாது தெரியுமா? மகிழ்ச்சியில் இனிப்பு வழங்க முற்பட்டவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். “நம்ம வீட்டுக்குத் தந்தி வந்துட்டு. தந்தி வராத வீடு எத்தனை இருக்கும்?” என்று கேட்டார்களாம்.

அக்கேள்வியின் பொருள் நமக்கு விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

முதல் நடை

1996-இல் நாம் இராமேசுவரத்திற்குச் சென்றபோது முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிட்டது. அதற்கப்பால் தனுஷ்கோடிப் பாழ்வரை ஐந்து கிலோமீட்டர் மணல். வேன்காரர்கள் அழைத்தனர், நாமும் உடன்வந்த இரு ஆசிரியர்களும் நடந்தே செல்லத் துணிந்தோம்.

கைவிடப்பட்ட இருப்புப்பாதையில் நடப்பதில் ஒரு வசதி உண்டு. புகைவண்டிக்குச் செங்குத்தான ஏற்றமும் ஆகாது, கூர்மையான வளைவும் ஆகாது. எனவே அதற்கென்று இட்ட மேடு, தண்டவாளம் போனபின்னும், நடப்பவனுக்கு இதமான வழியாகவே இருக்கும். மணல் புதைக்கும் இடங்களில் பழைய மேட்டின்மீது ஏறினால் கால் உறுதியாகப் பதிந்தது. ஆங்காங்கே சரளைக்கற்கள், துருவேறிய ஆணிகள், இற்றுப்போன சிலீப்பர்க் கட்டையின் துண்டுகள். சில இடங்களில் வளைந்த தண்டவாளத்தின் முனை மணலிலிருந்து எட்டிப் பார்த்தது. வடப்பக்கம் பாக்கு நீரிணை; அதன் அமைதி கருதி அவ்வூரார் ‘பெண் கடல்’ என்பர். தென்பக்கம் மன்னார் வளைகுடா. அது ‘ஆண் கடல்’. இரண்டிற்கும் நடுவே ஒரு நூல் போல அம்மணல்.

மனிதர் விட்டுப் போன மேட்டை மற்ற உயிர்கள் எடுத்துக்கொண்டிருந்தன. மணலைப் பிடித்து நிறுத்துவது அடப்பங்கொடியும் இராவணன் மீசையும். இராவணன் மீசை ஒரு முட்புல். அதன் விதைக்கொத்து முற்றியதும் காம்பிலிருந்து கழன்று, பந்துபோல் உருண்டு, காற்று போகும் திசையிலெல்லாம் ஓடும். ஓடும்போதே விதை உதிரும். பாதையின் மேட்டையொட்டி அப்பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டதைக் கண்டு, உடன்வந்த ஆசிரியர், “வண்டி இன்னும் நிற்கவில்லை போலும்” என்றார். நண்டுகள் நம் காலடி ஓசை கேட்டதும் வளைக்குள் ஓடின. உப்புக்கொத்திகள் மணலோடு மணலாக உட்கார்ந்திருந்து, காலருகே வந்தபின் எழுந்து பறந்தன. ஆலாக்கள் நீர்மேல் நின்று, குறி பார்த்து, தலைகீழாகப் பாய்ந்தன.

ஊர் இருந்த இடத்தில் பவளக்கல்லால் கட்டிய தேவாலயச் சுவரும், நிலையத்தின் இடிசுவரும், தண்ணீர்த் தொட்டியின் தூண்களும் நின்றன. கீற்றுக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன. தாகத்திற்குத் தண்ணீர் கேட்டோம். ஓர் அம்மையார் மணலில் கையால் தோண்டிய சிறு குழியிலிருந்து மொண்டு தந்தார். நல்ல நீர்! இருபுறமும் உப்புக்கடல் இருக்க இது எவ்வாறு என வியந்தோம். மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலோட்டமாகத் தோண்டினால் அது கிடைக்கும். “ரொம்பத் தோண்டுனா உப்பாப் போயிரும், பாய்” என்று அவர் எச்சரித்தார். அளவோடு எடுப்பவனுக்கே அம்மண் நீர் தருகிறது.

நாம் செய்த பிழை

அப்பயணத்திலிருந்து திரும்பியபின் மதரசாவில் மாணவர்களுக்குத் தனுஷ்கோடியைப் பற்றிக் கூறினோம். பூமியில் நடந்து சென்று முன்னோரின் முடிவைக் காணுமாறு திருமறை நம்மைப் பன்முறை பணிப்பது யாவரும் அறிந்ததே. அதை எடுத்துக்காட்டி, அவ்வூரார் ஏதோ பாவம் செய்ததால்தான் அது அழிந்தது என்னும் பொருள்பட நாம் பேசினோம். அப்பேச்சு ஊர்வாயிலும் உலவிய ஒன்றே. மாணவர்கள் அச்சத்தோடு கேட்டனர். நமக்கும் ஓர் ஆசிரியருக்குரிய நிறைவு உண்டாயிற்று. இன்று அதை எண்ணுகையில் நாணுகிறோம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் கடல் நம் மாவட்டத்துக்குள்ளேயே வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய கரையூர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மணக்குடிப் பாலம் பெயர்த்தெறியப்பட்டது. ஜமாஅத்தின் இளைஞர்களோடு நாமும் சென்றோம். மதம் பாராது தூக்கினோம், மதம் பாராது அடக்கினோம். நாம் தூக்கியவர்களில் பலர் குழந்தைகள். அன்று மாலை, உடல்களைப் புதைத்த களைப்போடு அமர்ந்திருந்தபோது, நம்மருகில் இருந்த ஒருவர், “இந்தக் கரையிலே என்னென்ன பாவமோ” என்றார். தனுஷ்கோடியைப் பற்றி நாம் வகுப்பில் சொன்ன அதே சொல். கேட்ட மாத்திரத்தில் உள்ளம் நடுங்கியது. அந்தக் குழந்தைகள் என்ன பாவம் செய்தனர்? பாட்டியாரின் கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: தந்தி வராத வீடு எத்தனை இருக்கும்?

நீரில் மூழ்கி இறந்தவனை நம் மார்க்கம் பாவியென்று கூறவில்லை. உயிர்த்தியாகியின் வரிசையில் வைக்கிறது. இதை நாம் கிதாபில் ஓதியவர்களே, ஓதியும் உணரவில்லை. நாம் மேலே கூறிய ‘மஅபர்’ என்னும் சொல்லின் வேரிலிருந்தே ‘இப்ரத்’ என்னும் சொல்லும் பிறக்கிறது. கண்டதிலிருந்து காணாததற்கு மனம் கடந்து செல்வதே இப்ரத், படிப்பினை என்கிறோம். அதே வேரில் ‘அப்ரத்’ என்றொரு சொல்லும் உண்டு. அதன் பொருள் கண்ணீர்த்துளி. கண்ணைக் கடந்து வழிவதால் அப்பெயர். கண்ணீர் இன்றி எடுக்கும் படிப்பினை படிப்பினையன்று, தீர்ப்பு. தீர்ப்பு வழங்கும் உரிமை நமக்கு இல்லை. பாழடைந்த ஊரின் நடுவே நிற்பவன், அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றே கேட்க வேண்டும். இதை மறுவாரமே அதே வகுப்பில் மாணவர்களிடம் கூறி, முன்பு சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

அக்கரையின் கதை

1964 அக்டோபரில்தான் சிறீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாகி, இலங்கை மலையகத் தமிழரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாயகம் திருப்புவதென முடிவாயிற்று. இரண்டே மாதத்தில் புயல். பின்னர் அம்மக்கள் தனுஷ்கோடியை விடுத்து, இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடிய ‘இராமானுஜம்’ கப்பலில் வந்தனர். நம் பாட்டனாரும் இறுதியாக ஊர் வந்தது அதே கப்பலில்தான். இனக்கலவரத்தின் விளைவாக 1984-இல் அக்கப்பலும் நின்றது.

அக்கரைத் தண்டவாளத்தின் விதியும் இதுவே. 1990-ஆம் ஆண்டில் போரினால் தலைமன்னார்ப் பாதை மூடப்பட்டுச் சிதைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய பழம்பெரும் ஊர்கள் வெறிச்சோடின. மக்கள் புத்தளம் பகுதியில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அத்தண்டவாளத்தின்மீதும் புதர் மண்டியது. புதரில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். ஆனால் அந்த வனப்பைக் கண்டு மகிழ நம்மால் இயலாது. பாதை பாழாவதில் இருவகை உண்டு: கடல் எடுத்துக்கொள்வது ஒன்று, மனிதன் மனிதனைத் துரத்துவது மற்றொன்று. முன்னதில் பொறுமை கடமை. பின்னதில் நீதி கேட்பதும் கடமை.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2015 மார்ச் 14-ஆம் நாள் தலைமன்னார்ப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. ஆக, அக்கரையில் இறங்குதுறை வரை வண்டி வந்து நிற்கிறது. இக்கரையிலோ கடல்முனையை நோக்கிச் செல்லும் பாதை இல்லை.

இரண்டாம் நடை

சென்ற மார்கழியில் நம் மாணவர் நால்வரோடு மீண்டும் சென்றோம். காட்சி மாறியிருந்தது. 2017-ஆம் ஆண்டு முதல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை உள்ளது. பாம்பனில் பழைய இருப்புப்பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டி நின்று, 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. நூற்றாண்டு கண்ட பழைய பாலமும் கைவிடப்பட்ட பாதைகளின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

மாணவர்கள் பேருந்திலேயே முனைவரை செல்லலாம் என்றனர். நடந்தால்தான் தெரியும் என்றோம். சாலையை விட்டிறங்கிப் பழைய மேடு தென்படும் இடங்களில் அதன்மீதே நடந்தோம்.

வடகிழக்குப் பருவமழையில் உப்பங்கழிகள் நிறைந்திருந்தன. அவற்றில் தொலைவில் வெண்மையும் செம்மையுமாக ஒரு வரிசை. முதலில் துணி உலர்த்தியிருப்பதாக எண்ணிய மாணவர்கள், அவ்வரிசை அசைந்ததும் பேச்சற்று நின்றனர். பூநாரைகள்! கட்ச் பாலைவனத்தின் உப்புச் சேற்றில் குஞ்சு பொரிக்கும் இனம் அது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாவினால் நீரை இறைத்து, அலகின் சல்லடையில் சிற்றுயிர்களைப் பிரித்தெடுத்து உண்ணும். அவ்வுணவிலுள்ள நிறச்சத்தே இறகில் செம்மையாகப் படிகிறது. குஞ்சுக்கு அந்நிறம் இராது. சாம்பல் நிறமாகவே இருக்கும். உணவே நிறமாவதைக் கேட்ட ஒரு மாணவர், “அப்படியானால் ஹலாலான உணவுக்கும் ஒரு நிறம் இருக்க வேண்டும், உஸ்தாத்” என்றார். நன்று என்றோம்.

உள்ளான்கள் அலை பின்வாங்கும்போது ஓடிச்சென்று கொத்தி, அலை வரும்போது ஓடித் திரும்பின. இவற்றுள் பல வட ஆசியாவின் பனிநிலங்களிலிருந்து குளிருக்கு அஞ்சி வருபவை. கடவுச்சீட்டு இல்லாமலே இரு கரைகளிலும் தங்குபவை. பறவையினத்தைக் குறிக்கத் திருமறை ‘உமம்’, அதாவது சமுதாயங்கள், என்னும் சொல்லையே ஆள்கிறது. தனுஷ்கோடியில் நின்றால் அச்சொல்லின் பொருத்தம் விளங்கும். ஒரு சமுதாயம் இழந்த ஊரில் மற்றொரு சமுதாயம் குடியேறியிருக்கிறது.

தை முதல் பங்குனி வரை இம்மணலில் ஆமைகள் முட்டையிடுகின்றன. பங்குனி ஆமை என்றே ஓரினத்திற்குப் பெயர். இரவில் கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டைகளளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். மணலின் வெப்பத்தைப் பொறுத்தே அது ஆணா பெண்ணா என்பது அமைகிறது. வனத்துறையினர் முட்டைகளைத் திரட்டிக் காப்பிடத்தில் பொரிக்கவைத்துக் கடலில் விடுகின்றனர். பாக்கு நீரிணையின் கடற்பசுவை மீனவர்கள் ‘ஆவுளியா’ என்பர். அதைக் கேட்ட மாணவரொருவர் ‘அவுலியாக்களா?’ என்று பணிவோடு வினவ, மற்றவர்கள் அடக்கமாட்டாமல் சிரித்தனர். கடலடியில் புல் மேய்ந்து, எவருக்கும் தீங்கு செய்யாது வாழும் அவ்வுயிரினத்தைக் காக்க 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு பாக்கு நீரிணையில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை ஒதுக்கியுள்ளது.

2025 ஜூன் மாதத்தில் தனுஷ்கோடியின் ஏறத்தாழ 525 ஹெக்டேர் நிலம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2023–24-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 128 பறவையினங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் காணப்பட்டன.

பாதை மீண்டும் வேண்டுமா?

2019 மார்ச் 1-ஆம் நாள், நம் கன்னியாகுமரியில் நடந்த விழாவில்தான் இராமேசுவரம்–தனுஷ்கோடி இருப்புப்பாதையை மீண்டும் இடுவதற்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நீளம் பதினேழு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அப்பகுதியின் இயற்கைச் சூழலைக் காரணங்காட்டித் தமிழக அரசு அதற்கு இசையவில்லை. பாதை இன்றளவும் இடப்படவில்லை.

இச்செய்தியை அறிந்தபோது நம் உள்ளம் இரண்டாகப் பிளந்தது. பாட்டனார் சென்ற பாதையில் ஒருமுறையேனும் வண்டியில் செல்லும் ஆசை யாருக்குத்தான் இராது? ஆயினும் நடந்தபடியே எண்ணிப் பார்த்தோம். 1914-இல் இட்ட பாதை கடப்பதற்காக இட்ட பாதை; அதன் முடிவில் கப்பல் நின்றது; கப்பலின் முடிவில் உறவினர் நின்றனர். இன்று இடப்படும் பாதை கடலோரத்தில் முடிந்துவிடும். அதில் செல்வோர் வேடிக்கை பார்த்துத் திரும்புவர். அதற்காகப் பூநாரையின் அமைதியைக் குலைப்பது தக்கதன்று என்பதே நம் கருத்து. கடத்தல் வேண்டும் என்போர்க்கு வேறு வழிகள் உள்ளன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டதே சான்று. மஅபர் என்பது ஒரே ஒரு துறையின் பெயரன்று; ஒரு கரை முழுவதன் பெயர்.

எனினும் அங்கேயே வாழ்பவர்களைக் கேளாமல் முடிவு கூறுவது முறையன்று. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவரை அணுகி, “அண்ணாச்சி, ரயில் வரணும்னு ஆசைப்படுறீங்களா?” என்றோம். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “ரயில் வந்தா என்ன, வராட்டா என்ன, பாய்? ரோடு வந்துச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல்னா இப்ப ராத்திரியிலயும் இராமேசுவரம் கொண்டு போயிறலாம். முன்னாடி தோள்ல தூக்கிட்டு மணல்ல ஓடுனோம். எங்களை இங்கயே இருக்க விட்டாப் போதும்.” பறவைக்குச் சரணாலயம் வேண்டும் என்போர் இம்மனிதரின் இறுதிச் சொல்லையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். அழிவுக்குப் பின்னும் அம்மணலை விட்டு அகலாதவர்கள் அவர்கள். அளவோடு தோண்டி நீரெடுக்கத் தெரிந்தவர்கள். அவர்களை விலக்கிப் பறவையைக் காப்பது நீதியாகாது.

அரிச்சல்முனையில் நின்றபோது அஸர் நேரம் வந்தது. இரு கடல்களும் கலக்கும் அம்முனையில் மணலிலேயே தொழுதோம். தொழுகை முடிந்தபின், நிலையம் இருந்த திக்கை நோக்கி, அந்த இரவில் வண்டியிலும் ஊரிலும் மாண்ட எல்லோரையும் எண்ணிச் சற்று நேரம் அமைதியாக இருந்தோம். திரும்பும் வழியில் மாணவர்களில் ஒருவர் நம்மிடம், “உஸ்தாத், அவங்க யாருடைய பேராவது நமக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றோம். தெரியாதவர்களுக்காக இறைஞ்சுவதே நாம் அங்கு சென்றதன் பயன் என்றும் கூறினோம்.

வாசக அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். தனுஷ்கோடி செல்வோர் இயன்றமட்டும் நடந்து செல்லுங்கள். பறவைக் கூட்டத்தை ஓசையிட்டுக் கலைக்காதீர்கள். நெகிழிப் பைகளை மணலில் விட்டு வராதீர்கள். இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணில் கொழும்பிலிருந்து வந்த அரபுத் தமிழ்க் கடிதங்களும், கப்பற்சீட்டுகளும், தகரப்பெட்டிகளும் இருக்கக்கூடும். அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழுத்தறிந்த முதியவர் ஒருவர் இருக்கும்போதே படித்துக் கேட்டு எழுதிவையுங்கள். நம் பாட்டனாரின் கடிதங்களில் எஞ்சியவை பதினொன்றே. மற்றவை கரையானுக்கு இரையாயின. தண்டவாளத்தைக் கடல் கொண்டது. அதைத் தடுக்க எவராலும் ஆகாது. கடிதங்களைக் கரையான் தின்றதற்கோ நாமே பொறுப்பாளிகள்.